எம்.சி. ரோடா, மாலா, ஷோரூமா? வடசென்னையில் தள்ளுபடிச் சரக்கு வாங்க எங்கே போவது

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் போகப்போவது திருவொற்றியூரில், தேரடியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில். வீட்டுச் சாமானுக்கென்று அக்கா ஒதுக்கி வைத்திருப்பது 70,000 ரூபாய். பிரிட்ஜ், மிக்ஸி, குக்கர், அடுப்பு, படுக்கை விரிப்பு, இரண்டு பேருக்கும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற துணி, முதல் மாத மளிகை, எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நகையும் முகூர்த்தப் புடவையும் வேறு கணக்கு. "சித்தி, நீதான் கடையில வேலை பாத்தியே, எங்க போனா நெஜமாவே கம்மியா கெடைக்கும்னு சொல்லு" என்று பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பழைய வண்ணாரப்பேட்டையின் ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டியலைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே ஒரு ரெடிமேட் கடையில் 11 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி 6 வருடம் ஸ்டாக் கணக்கு. எந்தச் சரக்குக்கு எப்போது தள்ளுபடிக்கான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று முதலாளி கேட்டால் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்று. எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால், இதை ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

முதலில் துணி. பட்டியலில் அதிக ஆசை துணியில்தான் இருந்தது.

ஒரு டிசைன் சட்டை கடைக்கு வரும்போது 38, 40, 42, 44 என்று செட்டாக வரும். நடு சைஸ்கள் முதலில் போய்விடும். 38இல் இரண்டும் 44இல் மூன்றும் மட்டும் நின்றால் அதை "சைஸ் உடைஞ்ச சரக்கு" என்போம். அதை முகப்பில் மாட்டி வைக்க முடியாது. பிடித்துப்போய் சைஸ் கேட்கிற ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். துணியில், தையலில், சாயத்தில் ஒரு குறையும் இருக்காது. இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான் அதன் குற்றம். தள்ளுபடியில் இதைவிட நல்ல சரக்கு கிடையாது. மாப்பிள்ளைக்கு 44 சைஸ் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த சைஸ்காரர்களுக்கு வருடம் முழுக்க மூலை ரேக்கில் ஏதாவது காத்திருக்கும்.

இரண்டாவது, காலம் போன சரக்கு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு அடங்கிவிடும், ஜனவரியில் மழைக்கோட்டுக்கு ஆள் இருக்காது. பள்ளி திறந்து ஜூலை ஆகிவிட்டால் புத்தகப் பையை யாரும் தேட மாட்டார்கள். பொங்கல் தாண்டிய டைரிக்கும் காலண்டருக்கும் இதே கதைதான். இவையும் குறையில்லாத சரக்கு. அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க வீட்டில் இடமிருந்தால் வாங்கலாம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடி மாதத்தில் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். தீபாவளிச் சரக்கு எடுக்கப் பணமும் வேண்டும், இடமும் வேண்டும். அதனால் இருப்பதைத் தள்ளிவிடலாம் என்று ஆரம்பித்ததுதான் ஆடித் தள்ளுபடி. ஆனால் கூட்டம் வர ஆரம்பித்த பிறகு, தேங்கிய சரக்கு மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போதாது. எனவே தள்ளுபடியில் விற்பதற்கென்றே மலிவான சரக்கை லாட்டாக எடுத்து வந்து குவிப்பார்கள். அதன் மேல் 999 என்று எழுதி அடித்துவிட்டு 399 என்று போட்டிருக்கும். அந்தச் சட்டை ஒரு நாள்கூட 999க்கு விற்றிருக்காது. 399க்கு அது மோசம் என்று சொல்ல மாட்டேன், 399 ரூபாய்ச் சட்டையை 399க்கு வாங்குகிறோம். 600 ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குவியலில் ஒரே டிசைனில் எல்லா சைஸும் அடுக்கடுக்காகக் கிடைக்கிறதா? அப்படியானால் அது தேங்கிய சரக்காக இருக்க வாய்ப்பு குறைவு. தேங்கியதாக இருந்தால் சைஸ் உடைந்திருக்கும், நிறம் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும், டேக் கொஞ்சம் மங்கியிருக்கும். கம்பெனி டேக் இருந்தால் எம்ஆர்பியோடு தயாரித்த மாதமும் வருடமும் பல சமயம் அச்சாகியிருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய மாதம் இருந்தால் அது நிஜமாகவே அலமாரியில் கிடந்து விலை குறைந்த சரக்கு.

எம்.சி. ரோட்டின் பலம், ஒரே தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி விலையை ஒப்பிட்டுவிடலாம் என்பதுதான். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதையை நீட்டிய பிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு அதே வருடம் மே மாதத்தில் இருந்து டிக்கெட் கிடையாது, ஆகவே ஒரு நாள் சும்மா விலை கேட்டுவிட்டுத் திரும்பி, மறுநாள் போய் வாங்கினாலும் நஷ்டமில்லை. விலை கேட்கப் போகிற அந்த முதல் நாள்தான் முக்கியம் என்பேன். ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் போய், வேண்டியதை எடுத்துப் பார்த்து, விலையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தள்ளுபடி போர்டு மாட்டிய பிறகு அதே டேக்கில் அடித்திருக்கும் விலை முன்பைவிடக் கூடியிருந்தால், அந்தக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

நடைபாதைக் கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைட்டி, கர்ச்சீப், குழந்தைகள் துணி, வீட்டுக்குக் கட்டுகிற லுங்கி இதற்கெல்லாம் அங்கே விலை நன்றாகவே இருக்கும். பில் கிடையாது, மாற்றவும் முடியாது, ஆகவே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்க வேண்டும். "கடைசி ரேட்டு சொல்லுண்ணா" என்று ஒருமுறை கேட்பது சரி. மழையிலும் வெயிலிலும் நின்று விற்கிறவரிடம் 10 ரூபாய்க்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்த 10 ரூபாய் அவருடைய லாபத்தில் பெரிய பங்கு.

மால் கடைகள் வேறு கணக்கில் ஓடுகின்றன. பெரம்பூர் ஸ்பெக்ட்ரம் மாதிரி இடங்களில் இருக்கிற பிராண்டு கடைகளும் சங்கிலிக் கடைகளும் பொதுவாக ஜூலையை ஒட்டி ஒருமுறை, டிசம்பர் ஜனவரியில் ஒருமுறை சீசன் முடிவுத் தள்ளுபடி போடும். அங்கே தேங்கிய சரக்கு நிஜமாகவே தேங்கிய சரக்குதான், ஏனென்றால் முழு விலைக்கு வைத்திருந்த அதே துணிதான் குறைந்த விலைக்கு வருகிறது. விலை படிப்படியாக இறங்கும். முதல் வாரம் 30, 40 சதவீதம். கடைசி வாரத்தில் மிச்சம் கிடப்பதற்கு 50க்கு மேல். நடு சைஸ்காரர்கள் முதல் வாரம் போக வேண்டும், ஓரத்து சைஸ்காரர்கள் பொறுமையாகக் கடைசி வாரம் போகலாம். மாப்பிள்ளைக்குக் கடைசி வாரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். "50 + 20" என்று போட்டிருந்தால் 70 சதவீதம் கிடையாது. 1,000 ரூபாயில் பாதி போனால் 500, அதில் 20 சதவீதம் போனால் 400. ஆக 60 சதவீதம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33 சதவீதத் தள்ளுபடி, அதுவும் மூன்றும் நமக்குத் தேவைப்பட்டால். "50 சதவீதம் வரை" என்பதில் அந்த "வரை" சின்ன எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் அடங்கிய விலை. எம்ஆர்பியில் 40 சதவீதம் குறைத்துவிட்டு, பில் போடும்போது குறைத்த விலைக்கு மேல் வரியைத் தனியாகச் சேர்ப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படிப் பில் வந்தால் மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் உடனே எடுத்துவிடுவார்கள்.

படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் நான் கோ-ஆப்டெக்ஸைத்தான் சொல்வேன். 1935இல் நெசவாளர் கூட்டுறவாக ஆரம்பித்த சங்கம், தீபாவளியை ஒட்டி வருடாவருடம் 30 சதவீதத் தள்ளுபடி கொடுக்கிறார்கள். இதில் விலையை ஏற்றிக் குறைக்கிற சந்தேகம் எனக்கு வந்ததில்லை. கல்யாணம் ஆவணியில், தீபாவளி அதற்கு இரண்டு மாதம் பின்னால். அதனால் இப்போதைக்கு இரண்டு விரிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு மீதி நான்கைத் தீபாவளிக்குத் தள்ளிப்போடச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தாள். புது வீட்டில் எல்லாம் புதுசாக அடுக்கி வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் அந்த வயதில் இருந்தது. ஆனாலும் காத்திருப்பதும் வாங்குவதில் ஒரு வழிதான்.

பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவுக்கும் போகலாமா என்று அக்கா கேட்டாள். அது மொத்த வியாபாரத் தெரு. சொந்தக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்க 30 ஜாக்கெட் துணி, 20 வேட்டி என்று எடுப்பதானால் போகலாம், தள்ளுபடி இல்லாமலே விலை இறங்கும். ஒருவருக்கு நான்கு சுடிதார் எடுக்க அங்கே போய் அலைய வேண்டாம்.

திருப்பூரில் இருந்து வருகிற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டு கடைகளில் விலையும் துணியும் நன்றாக இருக்கும், ஆனால் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் கலந்தே வரும். ஆர்டரைவிடக் கூடுதலாகத் தைத்தது சர்ப்ளஸ், குறை கண்டு ஒதுக்கியது செகண்ட்ஸ். சட்டையைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத்துத் தையல் நேராக இறங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் திரும்பி வந்தால் துணி முறுகியிருக்கிறது, துவைக்கத் துவைக்க இன்னும் முறுகும். ஈரமான கர்ச்சீப்பால் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தால் சாயம் தெரிந்துவிடும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். சில வருடம் முன்னால் தம்பிக்கு ஒரு நல்ல பிராண்டு ஸ்போர்ட்ஸ் ஷூ 70 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிக் கொடுத்தேன். மேலே பார்க்கப் புத்தம் புதுசு. நான்கே மாதத்தில் அடிப்பாகம் மாவு மாதிரி உதிர்ந்து, வேலைக்குப் போகிற வழியில் ஒரு காலில் கழன்றே விட்டது. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் மனசு ஆறவில்லை. பிறகுதான் காரணம் தெரிந்துகொண்டேன். பாலியூரித்தேன் என்கிற பொருளில் செய்த அடிப்பாகம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டு நடந்தால்தான் தேயும் என்பதில்லை, பெட்டியில் சும்மா வைத்திருந்தாலும் சில வருடத்தில் சிதைந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே ஷூ பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் எத்தனை சதவீதம் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். இலாஸ்டிக் வைத்த உள்ளாடைக்கும் இது பொருந்தும், இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்குகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியின் ஆயுள் கடையிலேயே குறைந்துபோயிருக்கும்.

இனி பிரிட்ஜ். 70,000இல் பெரிய துண்டு இதுதான், தப்பு செய்தால் பெரிய தப்பாகப் போவதும் இதுதான்.

ஷோரூமில் பிரிட்ஜ் விலை குறைவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பழைய மாடல், டிஸ்ப்ளேயில் நின்றது, அடிபட்டது. மூன்றையும் "கிளியரன்ஸ்" என்று ஒரே பெயரில்தான் விற்பார்கள். எது என்று நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

பழைய மாடல் என்றால் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுகிற ஸ்டார் லேபிளைப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டார் எந்தக் காலத்துக்கு உரியது என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை அளவுகோலைக் கடுமையாக்குவார்கள், அப்போது நேற்று 4 ஸ்டாராக இருந்தது இன்று 3 ஸ்டார் ஆகலாம். இயந்திரம் மாறவில்லை, லேபிள்தான் மாறியது. ஆகவே ஸ்டாரை எண்ணுவதைவிட, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுவது நல்லது. பழைய மாடல் 240 யூனிட், புது மாடல் 160 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 80 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 400, பத்து வருடத்துக்கு 4,000 ரூபாய். பழைய மாடலில் 2,500 ரூபாய் குறைத்தால் அது நமக்கு லாபமில்லை. 6,000 குறைத்தால் லாபம். வீட்டில் இரண்டு பேர்தான், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பில் குறைவாகத்தான் வரும் என்றாலும், பிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுகிற பொருள்.

டிஸ்ப்ளே பீஸில் எனக்குப் பெரிய பயம் இல்லை, இரண்டு விஷயம் சரியாக இருந்தால். வாரண்டி பில் தேதியில் இருந்து ஓடுகிறதா என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து, இது ஏற்கெனவே யாருக்காவது விற்றதாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் கதவு ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். பல மாதம் திறந்து திறந்து காட்டியதில் கீல் தளர்ந்திருந்தால் இதில் தெரிந்துவிடும். டிஸ்ப்ளே டிவி என்றால் யோசிப்பேன், திரை தினமும் 10, 12 மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடியிருக்கும்.

அடிபட்ட பீஸுக்குத்தான் விலை அதிகம் இறங்கும். பக்கவாட்டில் ஒரு நசுங்கல், சுவரோரம் வைத்துவிட்டால் தெரியாது என்பார்கள். கொளத்தூரிலோ மாதவரத்திலோ வீடு என்றால் நானும் வாங்கலாம் என்றே சொல்வேன். திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் கடலோரத் தெருக்களில் வேண்டாம். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உப்புக்காற்று பட்டால் அங்கிருந்து துரு பிடித்துப் பரவும். நம் தெருக்களில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் ரிம்மும் என்ன ஆகிறதென்று எல்லோருக்கும் தெரியும். நசுங்கல் இருந்து பெயின்ட் பெயராமல் இருந்தால் பரவாயில்லை. நகத்தால் தடவிப் பார்த்துக் கீறல் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். அதே பிரிட்ஜ், அதே விலை, வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

இதோடு சேர்த்து வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் எத்தனை கடையிலும் கோடவுனிலும் தண்ணீர் ஏறியது என்று நாம் கண்ணால் பார்த்தோம். பெரிய மழைக்குப் பிறகு வருகிற மாதங்களில் யாராவது மின்சாதனத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகாணிகளில் துரு, தெர்மாகோலில் பழுப்புக் கோடு, ஒட்டு டேப் இரண்டு அடுக்காக ஒட்டிய புது அட்டைப்பெட்டி, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். நனைந்த துணியைத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம். நனைந்த மோட்டாரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

ஏசி, டிவி வாங்குகிறவர்கள் விலையை ஒப்பிடும்போது 2025 செப்டம்பர் 22ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் அச்சிட்ட எம்ஆர்பியைக் காட்டி அதில் இருந்து இவ்வளவு குறைத்தோம் என்று ஒரு கடை சொன்னால், அந்தக் குறைப்பில் ஒரு பங்கு அரசு குறைத்த வரி. வேறு கடையில் புது மாடலின் இன்றைய விலை என்ன என்று கேட்டு, அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

மிக்ஸியில் பழைய மாடல் வாங்குவதற்கு முன் ஜார் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மோட்டார் பத்து வருடம் உழைக்கும், ஜார் அதுவரை தாங்காது. மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் ஒரு ஜாருக்காக முழு மிக்ஸியையும் தூக்கிப்போட வேண்டிவரும். குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயம். முத்திரை இல்லாத பழைய குக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அடுப்பில் ஏற்றக் கூடாது.

பர்மா பஜாரை மாப்பிள்ளை கேட்டாராம். பர்மாவில் இருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைக்கக் கடை போட்ட இடம், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. சார்ஜர் வயர், இயர்போன் என்று போனாலும் பரவாயில்லை என்கிற பொருளுக்குப் போகலாம். வாரண்டி தேவைப்படுகிற எதையும் அங்கே வாங்க வேண்டாம். ஆன்லைனைப் பற்றி அவளுக்கே என்னைவிடத் தெரியும். விலை தெரிந்துகொள்ள நல்ல இடம், ஆனால் கீறலை நகத்தால் தடவிப் பார்க்க முடியாது.

கடைசியாக மளிகை. சூப்பர் மார்க்கெட்டில் தேதி நெருங்கிய சரக்குக்கு எங்காவது ஒரு மூலையில் தனி ரேக்கோ பில் கவுண்டர் பக்கத்தில் ஒரு கூடையோ இருக்கும். இல்லாவிட்டால், "தம்பி, டேட் கிட்ட வந்த ஐட்டம் எதுனா தனியா வெச்சிருக்கீங்களா?" என்று சரக்கு அடுக்குகிற பிள்ளைகளிடம் கேட்டால் காட்டுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பி எடுத்துக்கொள்ளாத சரக்கைத்தான் கடைக்காரர்கள் விலை குறைத்துத் தள்ளுவார்கள். வெளிநாட்டு பிஸ்கட், சாஸ், ஓட்ஸ், சாக்லேட் அதிகம் வருவது அதனால்தான்.

"பெஸ்ட் பிஃபோர்" என்று போட்டிருந்தால் அதுவரை தரம் முழுசாக இருக்கும் என்று அர்த்தம். "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" என்றால் அந்தத் தேதிக்கு மேல் சாப்பிடவே கூடாது. ஷாம்பு, சோப்பு, பாத்திரம் கழுவுகிற லிக்விட் எல்லாம் தேதி நெருங்கியிருந்தாலும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும் அளவுக்கு எடுக்கலாம். கோதுமை மாவும் ரவையும் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வண்டு விழுந்துவிடும். எண்ணெய் ஒரு பாட்டில் போதும். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் 5 கிலோ எதையாவது 40 சதவீதம் குறைவாக வாங்கி, பாதியைக் கொட்டினால் முழு விலைக்கு இரண்டரைக் கிலோ வாங்குவதைவிட அது விலை அதிகம். பின்னாளில் அவளுக்குக் குழந்தை பிறந்தால் என்று ஒன்றும் சேர்த்துச் சொல்லி வைத்தேன். குழந்தைப் பால் பவுடரைச் சலுகை காட்டி விற்பனையைத் தூண்டக் கூடாது என்று 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைத் தள்ளுபடி ரேக்கில் பார்த்தால் எடுக்கவே வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் பில்லை எடுத்து வையுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் அது உதவாது. விலை ஸ்டிக்கரில் ஒரு விதி இருக்கிறது: எம்ஆர்பியைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய எம்ஆர்பியை மறைக்கக் கூடாது, கூட்டி ஒட்டவே கூடாது. ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தயங்க வேண்டாம். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்படியெல்லாம் பேசி, பட்டியலுக்குப் பக்கத்தில் இடத்தையும் நாளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் சட்டை, பேண்ட் மால் தள்ளுபடியின் கடைசி வாரத்தில். அவளுடைய சுடிதார் நான்கும் எம்.சி. ரோட்டில், ஆனால் குவியலில் எடுக்காமல் மூலை ரேக்கில். விரிப்பு இரண்டு இப்போது, நான்கு தீபாவளிக்கு. ஷூ இரண்டு ஜோடியும் முழு விலைக்கு, புதுச் சரக்கு. மிக்ஸி புது மாடல், குக்கரும் அடுப்பும் எங்கே மலிவோ அங்கே, ஐஎஸ்ஐ பார்த்து. பிரிட்ஜுக்கு 18,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். தங்கசாலைப் பக்கம் ஒரு ஷோரூமில் போன வருட மாடல் ஒன்று 15,500க்கு நிற்கிறது, டிஸ்ப்ளே பீஸ் கிடையாது, பெட்டி பிரிக்காதது என்றார்கள். வருகிற சனிக்கிழமை நானும் அக்காவும் போய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். யூனிட் எண் 180க்குள் இருந்து, பக்கத்தில் எங்கும் கீறல் இல்லாவிட்டால் அன்றைக்கே வண்டி பிடித்துத் திருவொற்றியூரில் இறக்கிவிடுவோம்.